நாய்கள் கடித்தன, பைரவர் கைவிடவில்லை

என் மகளின் தொடையைக் கவ்வியிருந்த நாய் அவளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்தில் அவள் காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டர் கவிழ்ந்து, அதன் சின்னச் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது.

தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவருக்கு மிளகு தீபம் ஏற்றுகிறவள் நான். காரைக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் நாயை நாய் என்று சொல்ல மாட்டோம், பைரவர் என்றுதான் சொல்லுவோம். அவருடைய வாகனம் அது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை நாய்களே வந்து கிழித்துப் போட்டால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் மாதாமாதம் கூடிக் கும்பிடும் நம் குழுவின் மீனாட்சி ஆன்ட்டி, நடந்ததை நடந்தபடி எல்லோருக்கும் சொல்லு என்று பலமுறை கேட்டுவிட்டார். இவ்வளவு நாள் என்னால் முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் கேட்டியில் நிம்மதியாகத்தான் இருந்தோம். என் கணவர் முத்துராமன் எண்ணெய்க் கிணறுகளில் பம்ப், பைப்லைன் பார்க்கும் இன்ஜினியர். கம்பெனி அவரை மேற்கு டெக்சாஸுக்கு மாற்றியது. டெக்சாஸ் என்றாலும் அது வேறு உலகம். முழுக்கப் பாலைவனம். முள் புதரும் வெள்ளை மண்ணும் ஆகாயமும்தான். அதன் நடுவில் எண்ணெய் கிடைத்ததால் ஊர் வீங்கிக்கொண்டே போகிறது. நாங்கள் குடிபோன தெருவில் பாதி வீடுகள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் வகுப்பறை போதாமல் பிள்ளைகளை மரப் பெட்டி மாதிரியான அறைகளில் உட்கார வைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடையில் பால் வாங்க நின்றால் முன்னால் நிற்பவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கும்.

ரோடு அதைவிட மோசம். ஒற்றைச் சாலையில் மணல் லாரிகள் இரவு பகலாக ஓடும். தூங்காமல் ஓட்டுகிறவர்கள். நாங்கள் போன முதல் மாதமே எங்கள் எதிர்வீட்டுக்காரர் லாரி மோதிச் செத்துப்போனார். பெட்ரோல் பங்கில் வரிசைக்காக இரண்டு பேர் இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டதை நிலா காருக்குள்ளிருந்து பார்த்தாள். நிலா எங்கள் ஒரே மகள். அப்போது எட்டு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அன்று வீடு வரும்வரை அவள் சீட்டுக்கு அடியில் குனிந்தே இருந்தாள்.

என் கணவர் இரண்டு வாரம் சைட்டில் இருப்பார், இரண்டு வாரம் வீட்டில் இருப்பார். அவர் இல்லாத நாட்களில் நானும் நிலாவும் மட்டும். வீட்டிலிருந்தே எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பங்குனி பிறந்தால் காற்று. சாதாரணக் காற்று இல்லை. மண்ணை வாரி ஆகாயத்தையே பழுப்பாக்கிவிடும். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தாலும் சோற்றில் மண் கடிபடும். பைரவா, எங்களை ஏன் இங்கே கொண்டுவந்து போட்டாய், இந்தக் காற்றையாவது நிறுத்து என்று நான் அழாத வாரம் இல்லை.

நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் விலை இறங்கினால் வேலையாட்கள் ஒரே வாரத்தில் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். வளர்த்த நாய்களை அப்படியே விட்டுவிடுவார்கள். அவை பசியில் கூட்டம் சேரும். பாதி கட்டிய வீடுகளுக்குள் படுத்துக்கொள்ளும். நாய் பிடிக்கிறவர்களுக்குப் போன் செய்தால் ஆள் இல்லை, வருகிறோம் என்பார்கள். வரமாட்டார்கள்.

அன்று சனிக்கிழமை காலை. என் கணவர் சைட்டில் இருந்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான தபால் பெட்டி இருக்கிறது. நிலா ஸ்கூட்டரில் முன்னால் போனாள், நான் பின்னால் நடந்தேன். கட்டி முடிக்காத ஒரு வீட்டின் வாசலிலிருந்து அவை வந்தன. குரைக்கவில்லை. இன்றும் எனக்குக் கனவில் வருவது அதுதான். குரைக்காமல் வந்தன.

முன்னால் வந்தது பெரிய நாய், புலி மாதிரி கோடு போட்டது. நேராக அவள் தொடையில் விழுந்தது. நான் ஓடினேன். செருப்பு எங்கே போனதோ தெரியாது. அதன் தலையில் குத்தினேன், கண்ணில் விரலை விட்டேன், காதைப் பிடித்துத் திருகினேன். அது விடவில்லை. இன்னொன்று பின்னாலிருந்து என் கெண்டைக்காலைக் கவ்வி உலுக்கியது. நான் விழுந்தேன். மூன்றாவது ஒன்று நிலாவின் முகத்துக்குப் போனது. நான் என் இடது கையை அதன் வாய்க்குள் கொடுத்தேன். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. வலி தெரியவில்லை. பிள்ளை மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். என் முதுகிலும் தோளிலும் பல் இறங்கிக்கொண்டே இருந்தது. என் காதோரம் ஒரு நாயின் மூச்சு சூடாக அடித்தது. நிலாவின் இரத்தம் என் வயிற்றுக்கடியில் வெதுவெதுப்பாகப் பரவியது.

தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. காற்றின் இரைச்சலில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது நான் செய்தது பிரார்த்தனையா என்று எனக்குத் தெரியாது. திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன்.

"பைரவா, உனக்குத்தானடா வெளக்கு போட்டேன். உன் நாயைக் கூப்பிடு. இல்லேன்னா என்னை எடுத்துக்க, புள்ளைய விடு."

தெய்வத்தை வாடா போடா என்று அதற்கு முன் நான் கூப்பிட்டதே இல்லை.

சொல்லி முடித்த சிறிது நேரத்தில் என் மேல் ஏதோ இடித்தது. லாரிதான் ஏறிவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர். தீயணைப்பு வண்டியில் அடிப்பது மாதிரி, ஆளைத் தள்ளும் தண்ணீர். நாய்கள் உருண்டன. வீடு கட்டும் இடங்களில் மண் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஒன்று உண்டு. அதை ஓட்டி வந்த ரோசா என்ற மெக்சிகோக்கார அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தெருவில் நேராக ஓட்டி வந்து முழு வேகத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். மற்ற நாய்கள் ஓடிவிட்டன. அந்தக் கோடு போட்ட நாய் மட்டும் போகவில்லை. தண்ணீருக்கும் அசையாமல் நிலாவின் தொடையைக் கவ்வியபடியே இருந்தது. ரோசா வண்டியிலிருந்து மண்வெட்டியோடு இறங்கினார். அதன் தலையில் அடித்தார். மறுபடி அடித்தார். அவர் அழுதுகொண்டே அடித்ததை நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். அது செத்த பிறகும் வாய் திறக்கவில்லை. மண்வெட்டிக் காம்பைப் பல்லுக்கிடையில் விட்டு நெம்பித்தான் எடுத்தார்.

தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நிலாவின் தொடையில் இறுக்கிக் கட்டினார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் பிள்ளை இருக்காது என்று சொல்லி, நான் கைகாட்டிய வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்து, என் காரில் எங்களைப் போட்டு அவரே ஓட்டினார்.

பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை கிடையாது. காற்று பலமாக இருந்ததால்தான், மண் பறக்கிறது, போய்த் தண்ணீர் அடி என்று அன்று அவரை அழைத்திருக்கிறார்கள். எந்தக் காற்றை நிறுத்து என்று நான் வாராவாரம் அழுதேனோ, அது நின்றிருந்தால் அந்த லாரி வந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் நிலாவுக்கு ஆபரேஷன் நடந்தது. என் கையில் தகடு வைத்தார்கள். பெரிய ஊருக்கு ஹெலிகாப்டரில் அனுப்பலாம் என்றால் புழுதிக் காற்றில் அது பறக்காது. செத்த நாயைப் பரிசோதித்ததில் வெறிநாய் இல்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான் நல்ல செய்தி. சில நாளில் காயத்தில் சீழ் பிடித்தது. நிலாவுக்குக் காய்ச்சல் ஏறியது, உளறினாள். மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் உயிரைக் காப்பாற்றக் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் தேய்பிறை அஷ்டமி. விளக்கில்லை, மிளகில்லை. மீனாட்சி ஆன்ட்டிக்குப் போன் போட்டு அழுதேன். "நீ போனை அந்தப் புள்ள தலமாட்டுல வை. நாங்க பாத்துக்கறோம்" என்றார். கேட்டியில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து கும்பிட்ட குரல் அந்த ஐ.சி.யு. அறையில் கேட்டது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். டாக்டர் அன்று மருந்தை மாற்றியிருந்தார். அதுவும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. நிலா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கால் தப்பியது.

இதோடு முடிந்திருந்தால் இது எல்லோரும் சொல்லும் அனுபவம்தான். ஆனால் நாய் கடித்தது எங்கள் உடம்பை மட்டும் இல்லை.

என் கணவரை உங்களுக்குத் தெரியும். எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டு நடப்பவர். சைட்டிலிருந்து அன்றிரவே ஓடி வந்து எங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர், பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போனார். பூஜை அலமாரியில் இருந்த பைரவர் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். சைட்டில் கூட வேலை பார்ப்பவரிடம் துப்பாக்கி இரவல் வாங்கினார். நாங்கள் இருப்பது ஊர் எல்லைக்கு வெளியே. யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து நாய்களைச் சுட ஆரம்பித்தார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. பகலெல்லாம் புதருக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நிலா காதைப் பொத்திக்கொள்வாள். அவர் சட்டையில் இரத்தத்தோடு வருவார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். குட்டிகளையும் சுட்டதாக ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். போதுங்க என்று நான் கெஞ்சியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் துப்பாக்கியக் கீழ வெப்பேன். உன் பைரவர் பண்ணாததை நான் பண்றேன்."

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் சில நாள் அந்த வெடிச் சத்தம் எனக்கும் இனித்தது. பிறகுதான் பயம் வந்தது. நாயைப் பார்த்து வந்த பயம் இல்லை. வீட்டுக்குள் நடமாடும் இந்த மனிதர் யார் என்ற பயம். கவிழ்ந்து கிடந்த படத்தை நான் நிமிர்த்தவில்லை. அதற்கு முன்னால் நின்று, பிள்ளையைக் கொடுத்தாய், அவரையும் திருப்பிக் கொடு என்று மட்டும் தினமும் கேட்டேன்.

ஒரு சாயங்காலம். காற்று ஓய்ந்திருந்தது. என் கணவர் பின்பக்கம் சுட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். கதவைத் தட்டும் சத்தம். திறந்தேன்.

பின்பக்கம் டிரெய்லரில் தனியாக இருக்கும் ரே என்ற ஆள் நின்றிருந்தான். கிணறு தோண்டும் வேலை பார்ப்பவன், கதவு நிலை உயரம் இருப்பான். இரண்டு கையிலும் ஒரு பழுப்பு நாயை ஏந்தியிருந்தான். அதன் வயிறு திறந்திருந்தது. கழுத்தில் நீலப் பட்டை. அவன் நெஞ்செல்லாம் இரத்தம். இடுப்பில் கைத்துப்பாக்கி. இதை யார் சுட்டது என்று கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை.

என் பின்னால் காலடிச் சத்தம். என் கணவர் நீளத் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டார். ரே அவரைப் பார்த்தான். நாயை மெதுவாக வாசலில் கிடத்தினான். நிமிர்ந்தான். அவன் கை இடுப்புக்குப் போனது. என் கணவரின் கையும் அசைந்தது. நடுவில் நான்.

பைரவா என்று மூச்சுக்குள் சொன்னேன்.

அடுத்து நடந்தது நான் யோசித்துச் செய்ததில்லை. அந்த நாயின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எங்கோ நாய் குரைத்தாலே எனக்குக் கைகால் உதறும். ஒருமுறை நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அப்படிப்பட்ட நான் என் நல்ல கையை அதன் தலையில் வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. என் கை நடுங்கவில்லை.

இதன் பெயர் என்ன என்று ரேயைக் கேட்டேன்.

மறுபடி கேட்டேன். பென்னி என்றான்.

என் கணவர்தான் சுட்டார் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. நாய்கள் எங்கள் பிள்ளையைக் கடித்துவிட்டன, அந்த நாய்களில் இது இல்லை, இது ஒன்றும் செய்யவில்லை, மன்னித்துவிடு என்றேன். அவன் கை இடுப்பிலேயே இருந்தது. அவன் விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோபாவில் படுத்திருந்த நிலா எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். தொடையிலிருந்து முழங்கால் வரை கட்டு. நாயைப் பார்த்தாள்.

"அம்மா, இஸ் இட் டெட்?"

"ஆமாம்மா."

ரே அவள் காலைப் பார்த்தான். கட்டைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். இடுப்பிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் உடம்பு குலுங்க அழுதான். எனக்கு இந்த ஊரில் இது ஒன்றுதான் இருந்தது என்று சொன்னது மட்டும் புரிந்தது.

என் கணவர் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். ரேயின் எதிரே தரையில் உட்கார்ந்து, நான்தான் சுட்டேன், கழுத்துப் பட்டையைப் பார்த்தேன், பார்த்தும் சுட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எனக்கு என்னாச்சுன்னு தெரியல வித்யா."

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். அங்கே மண் கிடையாது, சுண்ணாம்புப் பாறை. ரேயும் என் கணவரும் கடப்பாரையை மாற்றி மாற்றி வாங்கிக் குத்தினார்கள். இருவர் உள்ளங்கையும் கிழிந்தது. குழியில் இறக்கும் முன் நான் பென்னியின் நெற்றியில் விபூதி வைத்தேன். ரே அது என்ன என்று கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

அவன் எங்களுக்கு நண்பனாகிவிட்டான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சில மாதத்தில் வேறு கிணற்றுக்கு மாறிப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஆனால் அன்று அந்த வாசலில் இரண்டு பேர் செத்திருக்க வேண்டும். ஒருவரும் சாகவில்லை. மறுநாளே துப்பாக்கி திரும்பிப் போனது. கவிழ்ந்த படத்தை என் கணவர் உடனே நிமிர்த்தவில்லை. நானும் கேட்கவில்லை. வைகாசியில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தபோது படம் நிமிர்ந்திருந்தது, துடைத்து, பூ வைத்து.

இப்போது அவரும் ரோசாவும் இன்னும் சில தெருக்காரர்களும் சேர்ந்து, விடப்பட்ட நாய்களைக் கூண்டு வைத்துப் பிடித்து, கால்நடை டாக்டரிடம் தடுப்பூசி போட்டு, வளர்க்க ஆள் தேடிக் கொடுக்கிறார்கள். பிடிக்கப் போனவருக்கே இரண்டு முறை கடி விழுந்தது. விட்டுவிடவில்லை. அஷ்டமி அன்று ரோசா எங்கள் வீட்டுக்கு வந்து வடை சாப்பிடுவார். நிலா லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். தழும்பு இருக்கிறது, இருக்கும்.

பைரவர் ஏன் தன் நாய்களையே எங்கள் மேல் விட்டார் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு விடை தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். ஆனால் பல்லுக்கடியில் கிடந்தபோதும், ஐ.சி.யு.விலும், இரண்டு துப்பாக்கிக்கு நடுவில் நின்றபோதும் கூப்பிட்டேன். மூன்று முறையும் வந்தார். அதை மட்டும் யார் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆபத்தில் இருக்கும் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். விளக்கில்லையே, மந்திரம் தெரியாதே, மனசு சுத்தமாக இல்லையே என்று தயங்காதீர்கள். பயம் போகட்டும், பிறகு கும்பிடலாம் என்றும் காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் பயம் முழுதாகப் போகவில்லை. தெருவில் இறங்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு அவர் பெயரைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.